கொட்டாங்குச்சியும் மாத்திரையும்





போகிக்கு முந்தின நாள். வீட்டில் ஆளுக்கொரு மூலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். என் பங்குக்கு வந்தது மருந்துப் பெட்டி. திறந்து பார்த்தால், ஒரு வருடத்துக் காய்ச்சலையும் இருமலையும் அடுக்கி வைத்ததுபோல் இருந்தது. ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்து, உடம்பு தேறியதும் மூன்றாம் நாளே நிறுத்திய அமாக்சிசிலின். எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத சிப்ரோஃப்ளாக்சசின் அட்டை ஒன்று, நான்கு மாத்திரை மீதியோடு. குழந்தைக்காகத் தண்ணீர் கலந்து குலுக்கி, பாதி கொடுத்துவிட்டு மறந்துபோன சிரப். மாத்திரைகளைக் குப்பைப் பையில் போட்டேன். சிரப்பைச் சமையலறை சிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். இளஞ்சிவப்பாக ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. பெட்டியைத் துடைத்து வைத்தபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

பொங்கலுக்குக் காங்கயம் பக்கத்திலிருந்து அத்தை வந்திருந்தார். தேங்காய் துருவி முடித்த ஓடுகளை நான் அதே பையில் போடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஏங்கண்ணு, தொட்டியப் போயி குப்பையில போடற? எங்கூர்ல இத எடை போட்டுக் காசு குடுத்து எடுத்துட்டுப் போறாங்க. கரி சுட்டு வெளிநாட்டுக்கெல்லாம் போகுதாம், தண்ணி சுத்தம் பண்ண.”

கொங்கு நாட்டில் தொட்டி, நாஞ்சில் நாட்டிலும் ஈழத்திலும் சிரட்டை, வேறு பல ஊர்களில் கொட்டாங்குச்சி. பெயர்தான் வேறு. அத்தை அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துப் பின்கட்டில் ஒரு சாக்கில் போட்டு வைத்தார்.

அவர் சொன்னது அன்றைக்கு ஒரு செய்தியாகத்தான் காதில் விழுந்தது. இந்த இதழின் அட்டைக் கட்டுரைக்காகத் தண்ணீரையும் மருந்தையும் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தப் பொங்கல் சமயத்தில் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. தண்ணீரைக் கெடுக்கும் ஒரு பொருளையும், அந்தக் கேட்டைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க வல்ல இன்னொரு பொருளையும் ஒன்றாகத் தூக்கி எறிந்திருக்கிறேன். அந்த இரண்டைப் பற்றியும் உங்களோடு மனம்விட்டுப் பேசத்தான் இந்தப் பக்கம்.

முதலில் அந்த மருந்து எங்கே போனது என்று பார்ப்போம்.

நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் முழுவதும் உடம்புக்குள் தீர்ந்துபோவதில்லை. அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றில் ஏறத்தாழப் பாதி, உருமாறாமல் மருந்தாகவே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் கொடுப்பதும், மீன் பண்ணைக் குளங்களில் போடுவதும், மருத்துவமனைக் கழிவுநீரில் வருவதும் அதோடு சேர்கின்றன. நான் சிங்க்கில் ஊற்றியதும் அதே சாக்கடைக்குத்தான் போயிருக்கும். நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் சோப்பையும் உணவுக் கழிவையும் சிதைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்து மூலக்கூறுகளைப் பிடிப்பது அவற்றின் வேலையாக இருந்ததில்லை. ஒரு பகுதி அங்கே சிதையும், இன்னொரு பகுதி சேற்றோடு தங்கும்; மீதி ஆற்றுக்குப் போகும்.

2019இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆய்வில் 72 நாடுகளில் 711 இடங்களில் ஆற்று நீரை எடுத்துப் பார்த்தார்கள். 65 சதவீத இடங்களில் ஆன்டிபயாட்டிக் இருந்தது. தேம்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே இதை ஏழை நாடுகளின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் அது ஓர் ஊரில் வந்து நிற்கும். ஹைதராபாத்துக்கு அருகில் உள்ள படான்செரு. மருந்து ஆலைகள் நெருங்கி நிற்கும் வட்டாரம் அது. சுமார் 90 ஆலைகளின் கழிவுநீர் வந்து சேர்ந்த ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில், சுத்திகரித்து வெளியே விட்ட நீரை ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்ஷனின் குழு எடுத்துச் சோதித்தது. 2007இல் முடிவு வெளியானபோது, படித்தவர்கள் எண்ணைத் தப்பாக அச்சிட்டுவிட்டார்களோ என்று திரும்பப் பார்க்கும்படி இருந்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்.

இந்த எண்ணை நம் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். அந்த நீரை ஒரு குடம் பிடித்தால், அதற்குள் கிட்டத்தட்ட ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கரைந்திருக்கும். மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் ஓடும் அளவைவிட அது பல மடங்கு அதிகம். ஒரே நாளில் அங்கிருந்து வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் சுமார் 44 கிலோ என்று கணக்கிட்டார்கள். அன்றைக்கு 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் பயன்படுத்தியது அவ்வளவுதான்.

அந்த நீர் இசகவாகு, நக்கவாகு என்ற ஓடைகளில் இறங்கி மஞ்சீராவுக்கும், அங்கிருந்து கோதாவரிக்கும் போனது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலைக் கழிவை நுண்ணுயிர்கள் நன்றாகச் சிதைக்க வேண்டும் என்பதற்காக, அந்த நிலையத்தில் வீட்டுக் கழிவுநீரையும் சேர்த்துக் கலந்தார்கள். மனிதக் குடலில் வாழும் கிருமிகளும் அவற்றைக் கொல்லும் மருந்தும் ஒரே தொட்டிக்குள் இரவு பகலாக ஒன்றாக இருந்தன. அத்தனை மருந்தையும் தாக்குப்பிடித்த கிருமிதான் அங்கே மிஞ்சும். மிஞ்சியது சும்மா இருப்பதில்லை. தாக்குப்பிடிக்கும் வித்தையை எழுதிவைத்த மரபணுத் துண்டைப் பக்கத்தில் இருக்கும் கிருமிக்குக் கைமாற்றுகிறது. அந்தப் பக்கத்துக் கிருமி வேறு இனமாகக்கூட இருக்கலாம்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். கொல்லப் போதாத அளவில் மருந்து பட்டால், கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும் என்பது அவர் கவலை. அவர் நினைத்தது, மருந்தைக் குறைவாகச் சாப்பிடும் மனிதரை. ஆற்று நீர் இன்று அந்தக் குறைந்த அளவைக் கோடானுகோடிக் கிருமிகளுக்கு நாள் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மருந்துக்குப் பணியாத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை சாவுக்கும் ஆறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் நம் வீட்டிலும் நடக்கும் தவறுகளே பெரும்பங்கு. ஆனால் அந்தத் தவறுகள் எல்லாம் வடிந்து சேரும் இடம் தண்ணீர்.

நொய்யல் ஆற்றில் சாயம் ஓடியபோது நம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரத்துப்பாளையம் அணை நீரைப் பார்த்த விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரைக்கும் அது போனது. சாயத்துக்கு நிறம் இருந்ததால்தான் அந்தப் போராட்டத்துக்குச் சாட்சி இருந்தது. ஆற்றில் கரைந்த மருந்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கலங்கிய நீரில் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்த நம் பாட்டிகளின் அறிவு, கண்ணுக்குத் தெரிந்த கலங்கலுக்கு மருந்தாக இருந்தது. தெளிந்த நீருக்குள் ஒளிந்திருப்பதை அது எடுக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சிப்ரோஃப்ளாக்சசின் அசையாது. அதனால்தான் கரியிடம் போக வேண்டியிருக்கிறது.

கரி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1785இலேயே தோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர், நிறம் கொண்ட கரைசலில் கரித்தூளைப் போட்டால் நிறம் போய்விடுவதைக் கவனித்தார். சர்க்கரை ஆலைகள் பாகை வெளுக்க அதைப் பிடித்துக்கொண்டன. முதல் உலகப் போரில் நச்சு வாயுவிலிருந்து சிப்பாய்களைக் காத்த முகமூடிகளுக்குள்ளும் இருந்தது கரிதான். 1918இல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பெட்டி வைத்து, பீச் பழக்கொட்டைகளையும் தேங்காய் ஓடுகளையும் மக்களிடமிருந்து சேகரித்தார்கள். தின்று துப்பிய கொட்டையைப் பிள்ளைகள் கொண்டுவந்து போட்டார்கள். முகமூடிக்கு மிக நல்ல கரி கெட்டியான ஓட்டிலிருந்தும் கொட்டையிலிருந்தும் கிடைக்கும் என்பதை அப்போதே கண்டிருந்தார்கள்.

ஓட்டைச் சுட்டால் கரி. அந்தக் கரியை மறுபடி 800 முதல் 1000 டிகிரி வரையான சூட்டில், காற்றுப் படாமல், நீராவியில் வேக வைத்தால் நீராவி கரியை உள்ளுக்குள்ளேயே அரித்து எண்ணற்ற நுண்துளைகளைக் குடைகிறது. பல துளைகள் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு, இரண்டு கூறு அகலம்தான். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். செறிவூட்டிய கரி என்று நாங்கள் எழுதுகிறோம். அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால், ஒரு கிராம் கரியில் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். நம் பத்திரக் கணக்கில் சொன்னால் 25 சென்ட். ஒரு கரண்டிக் கரிக்குள் ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மருந்து மூலக்கூறு தண்ணீரோடு அந்தத் துளைக்குள் நுழைகிறது. சிப்ரோஃப்ளாக்சசினும் டெட்ராசைக்ளினும் சல்ஃபமெத்தாக்சசோலும் தட்டையான வளையங்கள் கொண்டவை. கரியின் சுவரும் அதேபோன்ற வளையங்கள் அடுக்கிய தட்டு. தட்டோடு தட்டு படிவதுபோல் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சில இடங்களில் மின்னூட்டம் இழுக்கிறது. சில இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பு கைகொடுக்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மை மாறினால் இந்தப் பிடியும் மாறும். பள்ளிப் பாடத்தில் ‘பரப்பு கவர்தல்’ என்று படித்தோமே, அதுதான் இது. பஞ்சு நீரைக் குடிப்பதுபோல் உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி பிடித்து வைப்பது பரப்பு கவர்தல்.

இந்த இடத்தில்தான் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் குப்பையின் பக்கம் திரும்பியிருக்கின்றன. தேங்காய் ஓடு மட்டும் என்றில்லை. நெல் உமி, கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கதிரின் தண்டு, காப்பித் தூள் சக்கை, தேயிலைக் கழிவு, கழிவுநீர் நிலையத்தின் சேறு என்று கரிமம் உள்ள எதையும் சுட்டுப் பார்க்கிறார்கள். நன்றாகச் செய்த கரி ஒரு கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் டெட்ராசைக்ளினைக்கூடப் பிடித்து வைத்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. தேங்காய் ஓட்டுக் கரியில் மிகக் குறுகிய துளைகளே அதிகம். சிறிய மூலக்கூறுகளுக்கு அது கச்சிதம். டெட்ராசைக்ளின் போன்ற பெரிய மூலக்கூறுக்கு அகலத் துளை வேண்டும். அதற்கு பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்ட சக்கைக் கரியோ மரக்கரியோ பொருந்தலாம். இரும்பைச் சேர்த்துச் சுட்டால், வேலை முடிந்ததும் காந்தத்தை வைத்துக் கரித்தூளை நீரிலிருந்து திரட்டிவிடலாம்.

படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம் ஏறியது உண்மை. ஆனால் அந்த உற்சாகத்தை மட்டும் உங்களிடம் கொடுத்து அனுப்பினால் பத்திரிகை தர்மம் ஆகாது. மூன்று சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஆய்வுக்கூடத்துத் தண்ணீர் வேறு, சாக்கடைத் தண்ணீர் வேறு. தூய நீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்து வைத்தால் கரி முழுவதும் அதற்கே இடம் கொடுக்கும். உண்மையான கழிவுநீரில் மக்கிய இலையின் சாறும் சோப்பும் எண்ணெயும் மருந்தைவிடப் பல ஆயிரம் மடங்கு இருக்கும். பேருந்து புறப்படும் இடத்திலேயே எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டால், நடுவழியில் ஏறுபவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். மருந்தின் கதியும் அதுதான். அதனால் கரியை முதலில் வைக்கக் கூடாது. மற்றச் சுத்திகரிப்பெல்லாம் முடிந்து, மணல் வடிகட்டியும் தாண்டி, கடைசியில் குருணைக் கரிப் படுகையாக வைக்க வேண்டும். அல்லது தூளாகக் கலந்து திரும்ப எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கரி மருந்தைப் பிடிக்கிறதே தவிர அழிப்பதில்லை. நிறைந்த கரியை வாரிக் குப்பைமேட்டில் கொட்டினால், மழையோடு மழையாக அது மெல்ல மெல்ல மருந்தை விட்டுவிடும். ஆற்றிலிருந்து எடுத்து நிலத்தில் போட்டதுதான் மிச்சம். நிறைந்த கரியைத் திரும்ப உயர் சூட்டில் வேக வைத்தால், ஒட்டிய மருந்து எரிந்து சிதையும். கரியும் மறுபடி வேலைக்கு வரும். ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 சதவீதக் கரி வீணாகும் என்றாலும் அதுதான் முறையான வழி. வீட்டில் குடிநீர் சுத்திகரிப்பான் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் தேங்காய் ஓட்டுக் கரிதான். சொன்ன காலத்தில் அதை மாற்றாவிட்டால், நிறைந்த கரி எதையும் பிடிக்காது. கிருமி வளரவும் இடம் கொடுக்கும். அடுப்புக் கரியை நொறுக்கிப் பானையில் போட்டு மருந்தை எடுத்துவிடலாம் என்றும் தயவுசெய்து நினைக்காதீர்கள். நீராவியில் வேகாத கரிக்குள் அந்த 25 சென்ட் இருக்காது.

மூன்றாவது சிக்கலை எனக்குச் சொன்னது எந்த ஆய்வுக் கட்டுரையும் இல்லை, அத்தை. கட்டுரை வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன். கரி சுடும் இடங்களில் தண்ணீர் எப்படி இருக்கிறது?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அத ஏங்கண்ணு கேக்கற. மேக்கால தோட்டத்துக் கெணறு டீத்தண்ணியாட்டம் ஆயிப்போச்சு. மாடு வாய வெக்க மாட்டேங்குது.”

காங்கயம் வட்டாரத்தில் இது ஒரு கிணற்றின் கதையாக இல்லை. ஏறத்தாழ மூன்று டன் ஓடு சுட்டால் ஒரு டன் கரி கிடைக்கும். மீதி இரண்டு டன் புகையாகவும் தாராகவும் போகிறது. குழி வெட்டியோ பீப்பாயிலோ சுடும் இடங்களில் புகை ஊர்மேல் படர்கிறது. கனன்றுகொண்டிருக்கும் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது, அந்தக் கரும்நீர் மண்ணில் இறங்கி ஊற்றைத் தொடுகிறது. விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். அந்தக் கரிதான் நல்ல விலைக்குப் போய், எங்கோ ஒரு நகரத்தின் குழாய் நீரைச் சுத்தமாக்குகிறது. கரி சுடுகிறவர்களும் நம் சனம்தான், கூலிக்கு வேகிறவர்கள்; அவர்களைக் குற்றவாளிகள் ஆக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு ஊரின் கிணற்றைக் கறுப்பாக்கி இன்னொரு ஊரின் தண்ணீரை வெளுப்பது சுத்திகரிப்பு ஆகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மூடிய உலையில் சுட்டு, வரும் புகையை உள்ளேயே எரித்து, அந்தச் சூட்டைப் பயன்படுத்தலாம். இலங்கையில் பதல்கம என்ற இடத்தில் சிரட்டைக்கரி சுடும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அணைக்கத் தண்ணீர் ஊற்றாமல், காற்றுப் புகாமல் மூடியே ஆறவைக்கலாம். செலவு பிடிக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. சுத்தமான கரி வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆலைகளும் நாடுகளும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செலவு என்று வந்தபின் மற்ற நாடுகளையும் பார்த்துவிடுவோம். ஸ்விட்சர்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம், முக்கியமான கழிவுநீர் நிலையங்களில் மருந்து போன்ற நுண்மாசுகளில் 80 சதவீதத்தை எடுத்தாக வேண்டும் என்றது. அதற்கு அவர்கள் நம்பியிருப்பவை ஓசோனும் செறிவூட்டிய கரியும். செலவுக்காக ஆளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 பிராங்க் வசூலிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 நவம்பரில் நிறைவேற்றிய புதிய நெறிமுறை, இந்தக் கூடுதல் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப் பொருள் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும் என்கிறது. மாசு யாரிடம் பிறக்கிறதோ, செலவும் அவரிடமே போக வேண்டும் என்ற நியாயம் எளிய மனிதருக்கும் புரியக்கூடியது.

நம் நாட்டில் மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதிக்கும் வரைவு 2020 ஜனவரியில் வெளியானது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைகளின் கழிவுக்கென்றே முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டி என்பது கட்டாயம் ஆகாது. வரம்பு திரும்ப வர வேண்டும். உலகத்துக்கே மலிவாக மருந்து செய்து தருகிறோம் என்ற நம் பெருமை உண்மையானது. அந்த மலிவின் ஒரு பங்கை ஓடைக்கரை மனிதர்கள் கட்டிக்கொண்டிருப்பதும் உண்மை.

இத்தனையும் படித்தபின் என் மனதில் நின்றது இதுதான்: கரி கடைசிக் காவல்காரர். வாசலில் நிறுத்தலாம், நம்பலாம். ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களே கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தால் எந்தக் காவல்காரரும் தோற்றுப்போவார். மருந்து தண்ணீரில் சேராமல் தடுப்பது முதல் வேலை; சேர்ந்ததைக் கரி பிடிப்பது அடுத்தது. ஆலை வாயிலிலும் மருத்துவமனை வாயிலிலும் கரிப்படுகை வைத்தால், மருந்து செறிவாக இருக்கும் இடத்திலேயே பிடித்துவிடலாம். ஆறு முழுவதும் பரவியபின் துரத்துவது பல மடங்கு பாடு.

முதல் வேலையில் நமக்கும் பங்கிருக்கிறது. 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் காப்பாற்ற ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒரு திட்டம் வகுத்தன. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாட்டிக்குகள் ‘எச் 1’ பட்டியலில் வந்து, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி ஆனது. மருந்து அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடும் நமக்கான எச்சரிக்கைதான். 2019இல் கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. விதிகள் கடைவாசலைத் தாண்டி நம் கைக்கு வரும்போதுதான் உயிர் பெறும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் உதவாது. கடையில் போய்க் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன நாள். நடுவில் நிறுத்தத் தோன்றினால் அவரையே கேளுங்கள். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், சிங்க்கிலும் கழிப்பறையிலும் கொட்டாதீர்கள். காலாவதியான மருந்தை 2016 திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. அதைத் தனியாகச் சேர்த்துவைத்து, குப்பை எடுக்க வருபவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கோழிக்கோட்டில் 2025இல் பயன்படாத மருந்துகளை வீடுகளிலிருந்தே சேகரிக்கும் ஏற்பாட்டைக் கேரள அரசு தொடங்கியது. நம் ஊராட்சியிலும் மாநகராட்சியிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்போம். கிராமசபையில் எழுந்து நின்று கேட்கக்கூடிய கேள்விதான் இது.

இன்னொன்று. உங்கள் ஊரில் கரி சுடும் இடம் இருக்கிறதா? புகையை எரிக்கும் உலை வைத்து நல்லபடி செய்கிறவர்கள் இருக்கிறார்களா? கிணற்று நீர் மாறியிருக்கிறதா? எழுதுங்கள். உமி ஆலை, கரும்பு ஆலை, நார் மில் பக்கத்தில் இருப்பவர்கள், கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கரி செய்து பார்க்கும் மாணவர்கள், நீங்களும் எழுதுங்கள். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் வரும் இதழ்களில் இடம் தருகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. பின்கட்டில் அத்தை கட்டிவைத்த சாக்கு, ஓடு போட. மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு பிஸ்கட் டின், மிஞ்சிய மாத்திரை போட. சாக்கு நிறைந்தால் எடுத்துப்போக ஆள் வருகிறார். டின்னைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை; அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி மாநகராட்சி அலுவலகத்துக்கு நான் போகப்போகிறேன். என்ன பதில் கிடைத்தது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.

அத்தை ஊருக்கும் ஒருநாள் போக வேண்டும். மேற்குத் தோட்டத்துக் கிணற்றை நேரில் பார்க்க வேண்டும். அந்தக் கிணற்றில் மாடு மறுபடி வாய் வைக்கும் நாளில்தான், அங்கே சுட்ட கரி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று முழு மனதோடு எழுத முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்